இதயம் தெரிகிறது, சிரிப்பு மட்டும் கேள்விக்குறி ஆகிறது. ஏன்?

அடுப்படி:
சமையல் குறிப்புத் தளம் ஒன்று நடத்துகிறேன். பழைய பிஎச்பி நிரலில் எழுதியது, தகவல் சேமிப்பது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில். கருத்துப் பெட்டியில் தமிழ் ஒழுங்காக வருகிறது, ❤ போட்டாலும் வருகிறது, ஆனால் யாராவது 😂 போட்டால் சேமித்த பிறகு ???? என்று நிற்கிறது. "ரசம் அருமை ????" என்று படித்தால் கிண்டல் பண்ணுகிற மாதிரி இருக்கிறது! பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறிமுறை யுடிஎஃப்-8 என்று போட்டிருக்கிறேன், எழுத்துருவையும் மாற்றிப் பார்த்தாயிற்று. ஹோஸ்டிங் ஆட்களோ பிரவுசர் பிரச்சினை என்கிறார்கள். அப்புறம், கணினியில் எமோஜியை எங்கிருந்து எடுப்பது? இப்போதைக்கு போனிலிருந்து எனக்கே வாட்ஸப்பில் அனுப்பிக் காப்பி பண்ணுகிறேன்.

நெல்லை நிரலர்:
பிரவுசர் இல்லைங்க, டேட்டாபேஸ். மைஎஸ்க்யூஎல் வெகுகாலமாக 'யுடிஎஃப்8' என்று சொல்லி வந்தது அரைகுறைச் சரக்கு, ஓர் எழுத்துக்கு 3 பைட்டுக்கு மேல் இடம் தராது. தமிழ் எழுத்துக்கு 3 பைட் போதும், அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. ❤ எமோஜிகளுக்கு முன்பே யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் பொதுத் தரம்) இருந்த பழைய குறி, அதுவும் 3. 😂 2010-இல் யூனிகோட் 6.0-உடன் வந்தது, அதற்கு 4 பைட் வேண்டும்.

முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு டேபிள்களை 4 பைட் வரை இடம் தரும் யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள், பிஎச்பியில் இணைப்புக்கும் அதையே சொல்லுங்கள், நிறைய பேர் விடுவது இந்த இரண்டாவதைத்தான். பழைய மைஎஸ்க்யூஎல் பதிப்பாக இருந்தால் 255 எழுத்து நீளமுள்ள நெடுவரிசையில் இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போட்டிருக்கும் இடத்தில் பிழை வரும். அங்கே வரம்பு 767 பைட், நாலால் வகுத்தால் 191, அந்த நீளத்துக்குக் குறைத்தால் சரியாகிவிடும்.

தட்டச்சு தம்பி:
விண்டோஸில் விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளி, மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றும் சேர்த்து. பட்டியல் திறக்கும், பெயரை அடித்தே தேடலாம். பக்கத்தில் நேராக ஒட்டினாலே போதும். எடிட்டர் தகராறு செய்தால் 😂 என்று எழுதுங்கள், 😂 வரும்.

அடுப்படி:
வந்துவிட்டது, இணைப்பை மாற்றியதும்தான் சரியானது. பழைய ???? எல்லாம் திரும்புமா? இன்னொன்று, காரத்தைக் காட்ட ஒவ்வொரு குறிப்பிலும் மிளகாய் எமோஜி மூன்று வைக்க ஆசை.

நெல்லை நிரலர்:
திரும்பாது. உள்ளே சேமித்திருப்பதே கேள்விக்குறிதான். வேண்டுமானால் அழித்துவிடுங்கள்.

தட்டச்சு தம்பி:
மிளகாய் சில இடங்களில் கறுப்பு வெள்ளையாக வரும், 🌶 போட்டு ஒட்டினாற்போல் ️ சேர்த்தால் வண்ணத்தில் காட்டச் சொன்னதாக அர்த்தம். ஆனால் வெறும் மிளகாயாக விடாதீர்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் மிளகாய், மிளகாய், மிளகாய் என்று மூன்று தடவை வாசிக்கும், அது கார அளவா சேர்மானமா என்று கேட்பவருக்கு எப்படிப் புரியும்? பக்கத்திலேயே 'காரம் அதிகம்' என்று எழுதிவிட்டு, எமோஜியை வாசிப்பான் தாண்டிப் போகும்படி மறைத்துவிடுங்கள்.