புதுப்பிப்பு: எங்கள் பள்ளியின் நூற்றாண்டு விழா

ராயபுரத்தில் நான் படித்த மாநகராட்சித் தொடக்கப்பள்ளிக்கு நூறு வயது, பழைய மாணவர்கள் வாருங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். நேற்று விழா நடந்தது. வந்தவர்களுக்கு நன்றி.

பழைய சேர்க்கைப் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். ஓரமெல்லாம் பூச்சி அரித்த தாள். அதில் அம்மாவின் பெயர். மை மங்கவே இல்லை. காமராசர் காலத்து மதியச் சோறு இல்லையென்றால் அம்மா பள்ளிக்கே போயிருக்க மாட்டார். 1920-லேயே தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்ததைத் தலைமையாசிரியர் சொன்னபோது கண் கலங்கிவிட்டது.

அப்புறம், பதிவேடுகளைப் படமெடுத்துப் பாதுகாக்கும் வேலை வரும் சனிக்கிழமை தொடங்குகிறது. கேமரா உள்ளவர்கள் காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள்.