ஒமேகா சென்டாரியின் முதன்மைத் தொடர் இரண்டாகப் பிரிவது ஏன்?

தெற்குவாசல்:
ஏப்ரல், மே மாதங்களில், தெற்கே மரமும் தெருவிளக்கும் மறைக்காத இடம் கிடைத்தால், தமிழ்நாட்டிலிருந்தே ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்தை (லட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டம்) பார்த்துவிடலாம். சென்ற வாரம் மொட்டை மாடியிலிருந்து பைனாகுலரில் பார்த்தபோது, கண்ணாடியில் மூச்சு பட்டுப் படிந்த ஆவியைப் போல ஒரு வெண்திட்டு தெரிந்தது. கோளக் கொத்தில் உள்ள விண்மீன்கள் அனைத்தும் ஒரே வாயு மேகத்திலிருந்து ஒரே காலத்தில் பிறந்தவை என்றுதான் நான் படித்திருக்கிறேன். ஆனால் ஹப்பிள் தொலைநோக்கியின் அளவீடுகளைக் கொண்டு வரைந்த நிறம்–ஒளிர்மை வரைபடத்தில் (ஒவ்வொரு விண்மீனின் நிறத்தையும் ஒளியையும் ஒரு புள்ளியாகக் குறிப்பது), மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் விண்மீன்கள் விழும் கோடான முதன்மைத் தொடர், ஒன்றாக இருக்க வேண்டியது, இரண்டு கோடுகளாக ஓடுகிறது. இரட்டை விண்மீன்கள் ஒன்றாகத் தெரிவதால் வரும் மயக்கமா, வயது வேறுபாடா, அல்லது வேறு காரணமா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நிறமாலை:
நீங்கள் சொன்ன இரண்டு காரணங்களையும் வரைபடத்தைக் கொண்டே விலக்கிவிடலாம். பிரித்தறிய முடியாத இரட்டை விண்மீன் தனி விண்மீனை விடக் கூடுதல் ஒளியுடன் தெரிவதால், அது முதன்மைக் கோட்டுக்கு மேலே, சிவப்புப் பக்கமாகவே விழும். ஒழுங்கான இன்னொரு கோட்டை நீலப் பக்கத்தில் உண்டாக்காது. வயது வேறுபாடோ தொடர் திரும்பும் முனையில், அதாவது மைய ஹைட்ரஜன் தீர்ந்த விண்மீன்கள் கோட்டை விட்டு விலகும் இடத்தில்தான் தெரியும். அதற்குக் கீழே உள்ள சிறு விண்மீன்கள் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்பவை.

உண்மையில் வியப்பூட்டுவது பிரிவு அன்று, பிரிந்த விதம். இக்கொத்தின் பெருமீன்களில் (முதிர்ந்து ஊதிப் பெருத்த விண்மீன்கள்) பெரும்பான்மையானவை இரும்பு முதலிய கன தனிமங்கள் குறைந்தவை என்பது முன்பே தெரிந்திருந்தது. கன தனிமம் குறைந்தால் விண்மீன் சற்று நீலமாக வேண்டும். ஆகவே பெரும்பான்மையின் கோடுதான் நீலப் பக்கம் இருக்க வேண்டும். 2004-இல் வெளியான அளவீடுகளிலோ பெரும்பான்மை சிவப்புப் பக்கம் இருந்தது. நீலக் கோட்டில் இருந்தவை கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். இந்த முரணைத் தீர்க்க, சிலியில் உள்ள வி.எல்.டி. தொலைநோக்கியால் ஒவ்வொரு கோட்டிலிருந்தும் 17 விண்மீன்களின் நிறமாலையை எடுத்தார்கள். தனியே பார்த்தால் எதையும் படிக்க முடியாத அளவுக்கு அவை மங்கல் என்பதால், 17 நிறமாலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிய பிறகே விடை கிடைத்தது. 2005-இல் வெளியான அந்த முடிவின்படி, நீலக் கோட்டின் விண்மீன்களில் கன தனிமங்கள் மற்றதைப் போல இரு மடங்கு இருந்தன.

கன தனிமம் கூடியும் நீலமாக இருப்பதற்கு, ஹீலியம் மிகுந்திருப்பதே பொருந்துகிற விளக்கம். ஹீலியம் கூடினால் விண்மீனின் உட்பொருள் ஒளியைத் தடுப்பது குறைகிறது, மையம் மேலும் இறுகிச் சூடேறுகிறது, மேற்பரப்பின் வெப்பமும் உயர்கிறது. சாதாரண விண்மீனின் எடையில் ஹீலியம் ஏறத்தாழ 25 விழுக்காடு என்றால், இவற்றுக்கு 38 விழுக்காடு அளவில் தேவைப்படுகிறது.

கரிமூட்டம்:
மேலே உள்ள விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒமேகா சென்டாரியை மட்டும் வைத்துக்கொண்டு கோளக் கொத்துகள் அனைத்தையும் பற்றி முடிவு செய்யக் கூடாது. ஏறத்தாழ 40 லட்சம் சூரிய நிறை கொண்ட இது, பால்வழி விழுங்கிய ஒரு குறு விண்மீன் மண்டலத்தின் எஞ்சிய மையம் என்றே பலரும் கருதுகிறார்கள். இதிலிருந்து உரிந்து சென்ற விண்மீன் ஓடையை 2019-இல் கையா விண்கலத்தின் தரவுகளில் அடையாளம் கண்டார்கள். 2024-இல், மையத்தில் மிக விரைவாக ஓடும் ஏழு விண்மீன்களை வைத்து, குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை அங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பல தலைமுறைகள் பிறந்திருந்தால் வியப்பில்லை.

எனக்குப் புதிராகத் தோன்றுவது என்.ஜி.சி. 2808 போன்ற கொத்துதான். அதன் விண்மீன்களில் இரும்பின் அளவு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே இரும்பைப் பரப்பும் சூப்பர்நோவாக்களின் (வெடித்துச் சிதறும் விண்மீன்கள்) கழிவு அதில் கலக்கவில்லை. இருந்தும் 2007-இல் அதன் முதன்மைத் தொடர் மூன்றாகப் பிரிவது தெரியவந்தது. புறஊதாப் படங்கள் 2015-இல் குறைந்தது ஐந்து கூட்டங்களைக் காட்டின. பெரும்பாலான பழைய கொத்துகளில், ஆக்சிஜன் குறைந்த விண்மீன்களில் சோடியம் கூடியிருக்கிறது. நியானைச் சோடியமாக்கும் எரிப்புக்கு 4 கோடி கெல்வினுக்கு மேல் வேண்டும், 1.5 கோடி கெல்வின் மையம் கொண்ட நம் சூரியனால் கூட இயலாத அதை, அதைவிடச் சிறிய இந்த விண்மீன்கள் தாமே செய்திருக்க முடியாது. வேறொரு பெரிய விண்மீனின் உலையில் வெந்த பொருளிலிருந்துதான் இவை பிறந்திருக்க வேண்டும்.

அந்த உலை எது என்பதில்தான் சண்டை. நான்கு முதல் எட்டுச் சூரிய நிறையுள்ள முதிய பெருமீன்கள், வேகமாகச் சுழலும் பெரும் விண்மீன்கள், பொருளைப் பரிமாறிக்கொள்ளும் இரட்டைகள், கொத்தின் மையத்தில் மோதி இணைந்து உருவாகியிருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான சூரிய நிறையுள்ள மாபெரும் விண்மீன்கள் என ஒவ்வொன்றுக்கும் வழக்கறிஞர்கள் உண்டு. எல்லாருக்கும் பொதுவான தலைவலி கணக்கு இடிப்பதுதான். முதிய பெருமீன்கள் கக்கும் பொருள் கொத்தின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது; ஆனால் மாறுபட்ட கூட்டமோ பல கொத்துகளில் பாதிக்கும் மேல். தொடக்கத்தில் கொத்து பத்து மடங்கு பெரிதாக இருந்து, முதல் தலைமுறையைப் பெரும்பாலும் இழந்துவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாம். பால்வழியின் துணையான ஃபோர்னாக்ஸ் என்ற குறு விண்மீன் மண்டலத்தில் அந்தச் சமாளிப்பும் செல்லாது. அங்கே கொத்துகளுக்கு வெளியே, அவற்றைப் போலவே கன தனிமம் குறைந்த விண்மீன்களை எண்ணிப் பார்த்ததில், அந்தக் கொத்துகள் இப்போதிருப்பதை விட நான்கைந்து மடங்குக்கு மேல் பெரிதாக இருந்திருக்க முடியாது என்று 2012-இலேயே தெரிந்துவிட்டது. இந்த ஒன்றைத் தீர்க்காத எந்தக் கோட்பாட்டையும் நான் அரைகுறையாகவே மதிப்பேன்.

தெற்குவாசல்:
இருவருக்கும் நன்றி. எட்டு அங்குலத் தொலைநோக்கியும் கேமராவும் வைத்திருப்பவர் இந்த வேறுபாட்டில் எதையாவது தாமே காண முடியுமா?

நிறமாலை:
இரண்டாகப் பிரியும் கோட்டைக் காண முடியாது. அந்த விண்மீன்கள் உங்கள் கருவி எட்டுவதற்கு மிக மங்கல். ஆனால் பெருமீன்கள் 12-ஆம் ஒளிர்மையை (எண் கூடக் கூட மங்கல்) ஒட்டியே தொடங்குகின்றன. ஒமேகா சென்டாரியின் பெருமீன் கிளை (வரைபடத்தில் பெருமீன்கள் விழும் கோடு) மற்றக் கொத்துகளை விட அகன்றிருப்பதை 1973-இலேயே அளந்துவிட்டார்கள். இந்தக் கதை முழுவதற்கும் அதுதான் முதல் தடயம். நீல வடிகட்டி, பச்சை வடிகட்டி இரண்டிலும் படங்கள் எடுத்து, நெரிசலான மையத்தை விட்டு ஓரத்து விண்மீன்களை மட்டும் அளந்தால், அந்த அகலம் உங்கள் வரைபடத்திலும் தெரிய வாய்ப்புண்டு. கொத்து தமிழ்நாட்டில் ஏறத்தாழ 30 பாகை உயரமே ஏறும் என்பதால், அது நேர் தெற்கே வரும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடிவானப் புழுதியின் சிவப்பைத்தான் அளப்பீர்கள்.