ஹெக் ராம்சே தொடர் எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, 1972 முதல் 1974 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வந்த 'ஹெக் ராம்சே' தொடரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மொத்தமே பத்து பகுதிகள்தான். ரிச்சர்ட் பூன் நடித்தது.

கதை 1901 வாக்கில், இன்னும் மாநிலமாகாத ஓக்லஹோமாவில் நடக்கிறது. துப்பாக்கிச் சண்டையில் பேர்பெற்ற ஒரு முதியவர் சிற்றூர்க் காவல் துறையில் வேலைக்குச் சேருகிறார். கூடவே ஒரு பெரிய பெட்டி. உள்ளே பூதக்கண்ணாடி, தராசு, விரல்ரேகை எடுக்கும் சாமான்கள். சுடத் தெரிந்த மனிதர் குனிந்து தடயம் தேடுகிறார் என்பதே என்னை இழுத்துவிட்டது.

அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க ஆசை. அவருக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் ஆங்கில சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். அப்படி ஒரு டிவிடி வந்திருக்கிறதா? யாரிடமாவது இருந்தால் அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்களேன்.

அப்புறம், காவல் துறை வரலாறு படித்தவர்களிடம் ஒரு கேள்வி. கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு 1897லேயே தொடங்கிவிட்டது. அங்கே வேலை பார்த்த இந்தியக் காவல் அதிகாரிகள் அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் உழைப்பு அதில் பெரிது. லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டுக்கு அது 1901ல்தான் போனது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் போலீஸ் 1904ல் எடுத்துக்கொண்டது. சிகாகோவில் தாமஸ் ஜென்னிங்ஸ் என்பவர்மீதான கொலை வழக்கின் மேல்முறையீட்டில் விரல்ரேகைச் சாட்சியம் ஏற்கப்பட்டது 1911ல். அப்படியானால் 1901ல் ஓக்லஹோமாவில் ஒருவர் ரேகை எடுத்திருந்தாலும் அதை எதோடு ஒப்பிட்டிருப்பார்? நீதிபதி அதைச் சாட்சியமாக ஏற்றிருப்பாரா? இதைப் பற்றி நல்ல புத்தகம் தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் ரொம்ப சந்தோஷம்.