அம்மா காதால் பார்த்த டாம் அண்ட் ஜெர்ரி

எங்கள் வீட்டில் டிவி கூடத்தில் இருந்தது. சமையலறையில் நின்றால் திரை தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தம்பியும் டாம் அண்ட் ஜெர்ரி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அம்மா உள்ளே வேலையாக இருப்பார். திடீரென்று அங்கிருந்து குரல் வரும்.

“என்னடா, பூனை பம்மிப் பம்மிப் போகுதா?”

போய்க்கொண்டுதான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, “போச்சு, நாய்கிட்ட மாட்டிக்கிச்சு” என்பார். மாட்டியிருக்கும்.

அம்மா எப்படியோ ஒளிந்து நின்று பார்க்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தம்பிதான் ஒருநாள், “நீ திரும்பி உட்கார்ந்து சொல்லு பார்ப்போம்” என்றான். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வயலின் தந்தியை விரலால் சுண்டுகிற ஓசை ஒவ்வொன்றாக விழுந்தது. ஒரு சுண்டலுக்கு ஒரு அடி. டாம் நுனிக்காலில் நடக்கிறான். சுரம் மேலே மேலே ஏறியது, மாடிப்படி. ஒரு நொடி எதுவுமே இல்லை. அந்த அமைதியில்தான் ஜெர்ரி எதையோ கையில் எடுத்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு பெரிய ‘டமார்’, தொடர்ந்து அந்த அலறல். எல்லாம் சரியாக இருந்தது. அந்தச் சாயங்காலம் முழுக்க நான் சுவரைப் பார்த்தபடிதான் கார்ட்டூன் பார்த்தேன்.

அந்த இசையை அமைத்தவர் ஸ்காட் பிராட்லி என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வில்லியம் ஹானாவும் ஜோசப் பார்பெராவும் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் 1940 முதல் 1958 வரை எடுத்த படங்கள் 114. பெரும்பாலும் பேச்சே இல்லாத கதைகள் என்பதால், வசனம் செய்ய வேண்டிய வேலை எல்லாம் பிராட்லியின் வாத்தியங்கள் தலையில் விழுந்தது. கண் சிமிட்டலுக்கு ஒரு சத்தம், பெருமூச்சுக்கு ஒரு சத்தம். பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் கொடுத்து வரிசையாக அடுக்குகிற, அந்தக் காலத்தில் கேட்பவர்களை மிரள வைத்த பன்னிரு சுர முறையைக்கூட, 1944ல் வந்த ஒரு படத்தில் நாய்த் தலை முகமூடிக்குள் எலி ஓடும் காட்சிக்குப் பயன்படுத்தியிருக்கிறார். டாமின் அலறல் மட்டும் வாத்தியம் இல்லை, ஹானாவின் சொந்தக் குரல். கதையைக் கட்டி படம் போடுவது பார்பெரா, எந்த அடி எந்த நொடியில் விழ வேண்டும் என்று கணக்குப் போடுவது ஹானா. கணக்குப் போட்டவரே கத்தியும் கொடுத்திருக்கிறார்!

அம்மா வேலையை விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்து பார்த்தது ஒரே ஒரு கதையைத்தான். டாம் பியானோ வாசிப்பானே, அது. 1947ல் ஆஸ்கர் வாங்கிய ‘தி கேட் கன்செர்ட்டோ’. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு மேடைக்கு வருவான், மிடுக்காக வணங்குவான், ஒரு பெரிய வித்வானுக்கு உள்ள நிதானத்தோடு உட்கார்ந்து இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட் எழுதிய இரண்டாவது ஹங்கேரிய ராப்ஸடி என்ற பியானோ இசையை ஆரம்பிப்பான். பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி எழுந்துவிடுவான். அதற்கப்புறம் உள்ளே நடப்பது பெரிய போர். ஆனால் டாம் கடைசிவரை வாசிப்பை நிறுத்த மாட்டான். விரல் பொறியில் மாட்டினாலும் அடுத்த சுரம் சரியான இடத்தில் விழும். அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். “எவ்வளவு அடி பட்டாலும் பாட்டை விடலை பாரு” என்பார். முடிவில் டாம் துவண்டு விழுந்து கிடப்பான், மேடை விளக்கு ஜெர்ரி மேல் விழும், ஜெர்ரி வணங்குவான். அந்த இடத்தில் அம்மா கைதட்டுவார், ஆனால் டாமுக்கு.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

*

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதை என் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் கதை கதவைப் பற்றியது.

எனக்கும் அவளுக்கும் மூன்று வயது வித்தியாசம். ஒருநாள் ஏதோ சண்டையில் அவளைப் பால்கனியில் விட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்கென்று போட்டது பனி பெய்யும் கிறிஸ்துமஸ் இரவுக் கதை. 1941ல் வந்தது, மூன்றாவது படம். டாம் ஜெர்ரியை வீட்டுக்கு வெளியே விரட்டி, வழியை அடைத்துவிட்டுக் கணப்பு முன்னால் வந்து படுப்பான். ஆனால் நிம்மதியாக இருக்க முடியாது. வெளியே காற்று அடிக்கும். திரும்பித் திரும்பிப் பார்ப்பான். கடைசியில் ஓடிப்போய்ப் பனியில் விறைத்துக் கிடக்கும் ஜெர்ரியைத் தூக்கி வந்து நெருப்பருகே வைத்துச் சூடு காட்டுவான்.

நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். அவள் அழவே இல்லை, தரையில் உட்கார்ந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணா, என்ன போடறான்?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மீதிக் கதையைச் சேர்ந்து பார்த்தோம். டாம் பால் குடிக்கப் போகும்போது ஜெர்ரி ஓடி வந்து தடுத்து, தான் முன்பே அந்தப் பாலுக்குள் ஒளித்து வைத்திருந்த எலிப்பொறியை வெளியே எடுப்பான். அதாவது அவனும் ஒன்றும் சும்மா இருந்தவன் இல்லை. இதை அவள் அப்போதே கவனித்து என்னிடம் சொன்னாள். “உன் பென்சில் டப்பாவை நான்தான் ஒளிச்சு வெச்சேன்” என்று அடுத்த நிமிஷமே அதையும் சொல்லிவிட்டாள். சண்டையே அதற்காகத்தான்.

*

எல்லாரும் சிரித்த கதைகளைச் சொல்கிறீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பயந்த கதை.

டாம் ஜெர்ரியைத் துரத்தி மாடிப்படி ஏறுவான், மேலேயிருந்து பியானோ உருண்டு வந்து அவனை நசுக்கிவிடும். உயிர் பிரிந்து தங்க நிறப் படிக்கட்டில் மேலே போகும். அங்கே ரயில் நிலையம் போல ஒரு வாசல், பூனைகள் வரிசை. ஒவ்வொரு பூனையும் எப்படிச் செத்தது என்று வாசலில் இருப்பவர் பார்த்து உள்ளே அனுப்புவார். டாமுக்கு மட்டும் இடம் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஜெர்ரியிடம் மன்னிப்புக் கையெழுத்து வாங்கி வந்தால்தான் ரயில் ஏறலாம். 1949ல் வந்தது, ‘ஹெவன்லி புஸ்’.

அந்த வரிசையில் ஒரு ஈரச் சாக்குப்பை தானாகத் துள்ளிக்கொண்டு வரும். அதிலிருந்து மூன்று குட்டிப் பூனைகள் இறங்கிப் போகும். எனக்கு அப்போது ஆறு வயது. அந்தக் குட்டிகள் அழகாக இருந்தன, அவ்வளவுதான் தெரிந்தது. வளர்ந்த பிறகு இன்னொரு முறை பார்த்தபோதுதான் சாக்கு ஏன் ஈரமாக இருக்கிறது என்பது உறைத்தது. நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஏழு நிமிஷச் சிரிப்புப் படத்தில், ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல், பெரியவர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி அதை வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் எல்லாம் கனவு என்று முடியும். டாம் எழுந்து ஓடி ஜெர்ரியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பான். சின்ன வயதில் அந்த முத்தம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும்.

*

நான் டாம் கட்சி. எப்போதும். வீட்டு ஓட்டைக்குள் இருப்பவனுக்கு இழக்க என்ன இருக்கிறது? டாமுக்குத்தான் எலியும் பிடிக்க வேண்டும், ஒரு கோப்பை உடைந்தாலும் துடைப்பத்தோடு வரும் வீட்டுக்காரம்மாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1944ல் ஒரு கதை, டாமுக்கு ஒரு மில்லியன் டாலர் சொத்து வரும். எந்த உயிரையும் துன்புறுத்தக் கூடாது, எலியைக்கூட, என்பது நிபந்தனை. ஜெர்ரி அதைத் தெரிந்துகொண்டு அவனைப் படாத பாடு படுத்துவான். ஒரு கட்டத்தில் டாம் பொறுத்தது போதும் என்று பாய்ந்துவிடுவான். பணம் போனாலும் சந்தோஷமாக இருக்கிறேன் என்று வாயைத் திறந்தே சொல்வான். அவன் பேசியது அபூர்வம், அதனால் அந்த வார்த்தை எனக்கு முக்கியம். என் தம்பி ஜெர்ரி கட்சி. இன்றுவரை பேச்சுவார்த்தை தீரவில்லை.

*

நான் படம் வரைகிறவன். இந்தத் தொழிலுக்கு வந்ததே டாமின் ஒரு ஓட்டத்தால்தான்.

வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த நாடா ஒன்று இருந்தது. டாம் ஓடி வந்து சட்டென்று நிற்கிற இடத்தில் நிறுத்தினேன். திரையில் இருந்தது பூனையே இல்லை. ஒரு சாம்பல் நிற இழுப்பு, அதில் இரண்டு மூன்று முகங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக. இன்னொரு முறை நகர்த்தினேன், கால் மட்டும் நின்றுவிட்டது, உடம்பு ரப்பர் மாதிரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது நகர்த்தலில் டாம் முழுசாக வந்துவிட்டான். கண்ணுக்கு ‘நின்றான்’ என்று தோன்றியதற்குள் இத்தனை ஓவியம் ஒளிந்திருந்தது. ஒரு நொடிக்கு 24 சட்டகம், ஏழு நிமிஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். எல்லாம் கையால் வரைந்து, செல்லுலாய்டு தாளில் நகல் எடுத்து, வண்ணம் பூசி, ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு அடியில் வைத்து எடுத்தவை. அன்றிலிருந்து நாடாவை நகர்த்தி நகர்த்தி நோட்டில் பார்த்து வரைய ஆரம்பித்தேன். ஒரு ஓட்டத்தை முடிக்க ஒரு கோடை விடுமுறை போனது.

படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்களையும் அப்போதுதான் படித்தேன். கென்னத் மியூஸ், இர்வ் ஸ்பென்ஸ், எட் பார்ஜ், ரே பேட்டர்சன். ஸ்பென்ஸ் வரைந்த டாமை முகக்கோணலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று இப்போது எனக்கு ஒரு நம்பிக்கை. முதல் படத்து டாமைப் பார்த்திருக்கிறீர்களா? 1940ல், பெயர்கூட ஜாஸ்பர். உடம்பெல்லாம் ரோமக் கோடுகள், நாலு காலில் நடக்கும் நிஜப் பூனை. வருடம் போகப் போகக் கோடுகள் குறைந்தன, பூனை நிமிர்ந்து இரண்டு காலில் நடக்கத் தொடங்கியது. டாம், ஜெர்ரி என்ற பெயர்கள் அடுத்த வருடம்தான் வந்தன. ஸ்டுடியோவுக்குள் பெயர்ப் போட்டி வைத்து, வென்ற ஓவியருக்கு 50 டாலர் கொடுத்தார்களாம்.

*

மேலே இசையைப் பற்றி எழுதியவருக்கு ஒரு கேள்வி. சில கதைகளில் சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்குமே, அதை அம்மா எப்படிக் கண்டுபிடித்தார்? எனக்குச் சின்ன வயதில் அந்தக் கதைகள் வந்தால் ஏதோ உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கும். ஹானா, பார்பெராவுக்குப் பிறகு ஜீன் டீச் என்ற இயக்குநர் 1961, 62ல் பிராகில் எடுத்த 13 படங்கள் அவை என்று பிறகு தெரிந்தது. அவருக்கு அடுத்து வந்த இயக்குநர் சக் ஜோன்ஸின் 34 படங்களை ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம், எம்ஜிஎம் சின்னத்துச் சிங்கம் கர்ஜிக்கிற இடத்தில் டாம் வந்து கத்துவான், புருவம் தடியாக இருக்கும். உங்கள் அம்மா இப்போதும் பார்க்கிறாரா?

*

கேட்டதற்கு நன்றி. அந்த எதிரொலிக் கதைகள் வந்தால் அம்மா எதுவும் சொல்ல மாட்டார். “இது நம்ம பூனை இல்லை” என்பார், அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் போன மாதம் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாக இருக்கிறார். ஆனால் சில நாள் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள், திரை எதுவும் பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பது அவருக்குப் பெரிய சிரமமாக இருந்தது. இரண்டாம் நாள் என் மகள் போனை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஏழு வயது. சுவரைப் பார்த்து உட்கார்ந்த கதையை நான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

“பாட்டி, நான் ஒண்ணு போடறேன். பார்க்காம சொல்லணும்.”

கைதட்டல் கேட்டது. அம்மாவின் முகம் மாறிவிட்டது. மகள் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தி அவளைச் சும்மா இருக்கச் சொன்னார். கைதட்டல் நின்றது. பியானோ இன்னும் தொடங்கவில்லை, போனிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“உட்கார்ந்துட்டான். அவசரப்பட மாட்டான். நீ இப்ப அவன் கையை மட்டும் பாரு” என்றார் அம்மா.