கலைச்சொல் உதவி: கழனிக்கு அடியில் குழாய் பதித்து நீர் வடித்தல்

காட்பாடி:
அனைவருக்கும் வணக்கம். வேளாண் பட்டய மாணவர்களுக்கான பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்காவின் அயோவா, இல்லினாய் பக்கம் நிலத்துக்குள் சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் துளைக்குழாய் பதித்து, தேங்கும் நீரை ஓடையில் விடுகிறார்கள். ‘டைல் டிரைனேஜ்’ என்று பெயர். முன்பு சுட்ட மண்குழாய், இப்போது பிளாஸ்டிக். பயிருக்கான நைட்ரேட் சத்து கரைந்து அதன் வழியே மிசிசிப்பி ஆற்றுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகிறது. அங்கே பாசி பெருகி, மடிந்து அழுகுவதில் ஆக்சிஜன் தீர்ந்து, கோடைதோறும் மீன் தங்காத பரப்பு உண்டாகிறது. இந்த மாசை ‘ஊட்டச்சத்து மாசு’ என்றும், டைல் டிரைனேஜை ‘ஓட்டு வடிகால்’ என்றும் எழுதினேன். மாணவர்கள் கூரை ஓடு என்று நினைக்கிறார்கள். வேறு சொல் வேண்டும்.

ஆற்காடு:
ஐயா, ‘சுருங்கை’ இருக்க வேறு சொல் எதற்கு? நிலத்தடி வழிக்கு நம் பழஞ்சொல். சிலம்பில் மதுரை அகழியருகே ‘பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி’ வருகிறதே. சுருங்கிய வழி, சுருங்கை.

குடியாத்தம்:
யானை போகும் வழியின் பெயரைச் சிறு குழாய்க்கு வைப்பதா? குழல் என்று பொருள்படும் கிரேக்க ‘சிரிங்ஸ்’தான் சுருங்கை ஆனது என்பாரும் உண்டு. பாலாற்று மணலில் வெட்டும் ‘ஊற்றுக்கால்’ நம் பக்கத்துச் சொல். அதை ஒட்டி ‘அடிக்கால்’ எனலாம்.

ஆற்காடு:
கிரேக்கத்துக்கு இங்கிருந்து போயிருக்கக் கூடாதா?

ராணிப்பேட்டை:
‘அடிக்கால்’ என்றால் பந்தல்கால் நினைவுதான் வரும். ‘நிலத்தடி வடிகால்’ என்றால் பாதாளச் சாக்கடை. பாடத்தின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது, ஐயா. பாஸ்பரஸ் சத்து பெரும்பாலும் மண்ணோடு மேலாக அடித்துக்கொண்டு போகும். ஓடைக்கரைப் புல் அதை ஓரளவு பிடிக்கும். நைட்ரேட்டோ புல்லுக்கும் வேருக்கும் அடியிலேயே குழாயில் தப்பிவிடுகிறது. அதனால்தான் குழாய் வாயருகே மரச்சிராய் நிரப்பிய குழி வெட்டுகிறார்கள். அதிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். இதை மாணவருக்குச் சொல்ல ‘மேலோடும் நீர்’, ‘அடிவடிநீர்’ என்று இணை தேவை. குழாய் ‘அடிவடிகுழாய்’. இன்னொன்று, ‘ஊட்டச்சத்து மாசு’ வேண்டாம். அங்கன்வாடி சத்துமாவு கெட்டுப்போனதாகப் படிப்பார்கள். ‘உரச்சத்து மாசு’ போடுங்கள்.

வாணியம்பாடி:
சாணம், சாக்கடையிலிருந்தும் அதே சத்து வருகிறதே? இந்தப் பாடத்துக்கு மட்டும் என்றால் ‘உரச்சத்து’ சரி. அடிவடிகுழாய்க்கு என் ஓட்டு.

குடியாத்தம்:
எனக்கும் சம்மதம். நேரமில்லை.

காட்பாடி:
நன்றி. ‘அடிவடிகுழாய்’, ‘உரச்சத்து மாசு’ இரண்டையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

ஆற்காடு:
என் மறுப்பு பதிவாகட்டும். ‘அடிவடிகுழாய்’ கருவியின் பெயர். முறைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.