மறு: குவிப்பா, தாழ்விலையா?

நண்பர்களே,

> "பொருள் குவிப்புத் தடுப்பு வரி" என்று செய்தித்தாள்கள் எழுதிப் பழகிவிட்டன. இனி எதற்கு மாற்ற வேண்டும்?

ஆங்கிலத்தில் dumping எனப்படும் செயலுக்கு எதிராக இறக்குமதி செய்யும் நாடு போடும் வரியைத்தான் (anti-dumping duty) அப்படி எழுதுகிறார்கள். பழகிய சொல்லைக் கலைப்பதில் எனக்கும் விருப்பமில்லை. ஆனால் குவிப்பு என்றதும் படைக்குவிப்பும் சொத்துக்குவிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ஏதோ அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்று தோன்றுகிறது. இந்த வரிக்கு அடிப்படையான, 1947-ஆம் ஆண்டின் காட் (GATT) என்னும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்து ஆறாம் பிரிவு பேசுவதோ விலையைப் பற்றி. உள்நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைத்து அயல்நாட்டுக்கு விற்பதுதான் அங்கே சிக்கல். நூறு பெட்டி அனுப்பினாலும் அதே பெயர், நூறு கப்பல் அனுப்பினாலும் அதே பெயர். நட்டத்துக்கு விற்றிருக்க வேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை.

அளவுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. ஒரு நாட்டிலிருந்து வரும் சரக்கு அப்பொருளின் மொத்த இறக்குமதியில் 3 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் பொதுவாக விசாரணையைக் கைவிட வேண்டும். உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு ஏற்பட்டதா என்று பார்க்கும்போதும் அளவு வரும். அதெல்லாம் வரி போடலாமா என்று முடிவுசெய்வதற்கு. செயலுக்குப் பெயர் விலையால்தான் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், குவிப்பு என்ற சொல் உண்மையில் பொருந்துவது பக்கத்து வீட்டுக்காரனான இன்னொரு வரிக்கு! இறக்குமதி திடீரெனப் பெருகி உள்நாட்டுத் தொழில் திணறும்போது போடுகிறார்களே பாதுகாப்பு வரி, அங்கே யாரும் விலையில் தவறு செய்திருக்க வேண்டியதில்லை, பெருக்கம்தான் காரணம்.

என் பரிந்துரை: செயலுக்குத் "தாழ்விலை ஏற்றுமதி", வரிக்குத் "தாழ்விலைச் சமன் வரி".

"தடுப்பு" வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. உள்நாட்டில் 100-க்கு விற்பதை ஓர் ஆலை 80-க்கு ஏற்றுமதி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 20, ஏற்றுமதி விலையில் அது 25 விழுக்காடு. வரி அதைத் தாண்டக் கூடாது. அதைவிடக் குறைவான வரியே பாதிப்பைப் போக்கப் போதுமென்றால் குறைத்தே போடுவது நல்லது என்கிறது உலக வணிக அமைப்பின் உடன்பாடு. சரக்கு வரலாம், மேடு பள்ளம் நிரவப்படும், அவ்வளவுதான். ஏற்றுமதி நாட்டு அரசின் மானியத்துக்கு எதிராகப் போடும் வரியும் இதே போக்குடையது; அதை "மானியச் சமன் வரி" என்றால் இரண்டும் உடன்பிறப்புகளாக நிற்கும்.

இன்னொருவர் "ஏற்றுமதியாளர் தண்ட வரி" என்று எழுதியிருந்தார். அதை நான் அடியோடு மறுக்கிறேன். சுங்கத்தில் பணம் கட்டுபவர் இறக்குமதியாளர். விலை குறைத்தவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர்! ஒப்பந்தம் போட்டுச் சரக்கும் கப்பலேறிய பிறகு இடைக்கால வரி வந்தால் திண்டாடுபவரும் அவரே. அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம்: முதலில் வைப்புத்தொகை கட்ட வேண்டும், இறுதித் தொகை பின்னொரு மறுஆய்வில்தான் தெரியவரும். வாங்கி விற்றுக் கணக்கை முடித்த பிறகு கூடுதல் தொகை கேட்டு ஓலை வரலாம்.

ஏற்றுமதியாளர் தப்பிவிடுகிறார் என்றும் சொல்லவில்லை. விசாரணையில் கணக்கைத் திறந்து காட்டினால் அவருக்கெனத் தனி வீதம் கிடைக்கக்கூடும். காட்டாவிட்டால் கையில் அகப்பட்ட தகவலை வைத்து அதிகாரிகள் வீதம் குறிப்பார்கள், அது பெரும்பாலும் கசப்பாகவே இருக்கும். "விலை உறுதிமொழி" தந்து தாமே விலையை உயர்த்திக்கொள்ளும் வழியும் உண்டு. அயல்நாட்டுக் கருவூலத்துக்குப் போகவிருந்த பணம் அப்போது அவருடைய பெட்டிக்கே வரும். வாங்குபவருக்கு எப்படியும் விலை ஏற்றம்தான்.

"தாழ்விலை" என்றால் மலிவு விலை என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள மாட்டாரா என்ற கேள்வி நியாயமானது. "இருவிலை ஏற்றுமதி" என்று முதலில் எண்ணினேன். அயல்நாட்டில் கூடுதலாக விற்றாலும் அது இருவிலைதானே என்று விட்டுவிட்டேன். 100-க்கும் 80-க்கும் இடையே கண்ட அந்த 20-க்கு என்ன பெயர் வைக்கலாம்? "தாழ்விலை இடைவெளி" என்று குறித்து வைத்திருக்கிறேன். "தாழ்வளவு" சுருக்கமாக இருக்கிறது, ஆனால் நிலநடுக்கக் கணக்கு போல ஒலிக்கிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.