நாலு வயசுப் பையன், போன் இல்லாமல் தூங்க மாட்டேன் என்கிறான்

கேள்வி:
என் பையனுக்கு 4 வயது. ராத்திரி சாப்பிட ஒரு வீடியோ, படுக்க ஒரு வீடியோ என்று பழகிவிட்டான், தூங்க 11 மணி ஆகிறது, காலை 7 மணிக்கு எழுப்பினால் பள்ளி வேன் வரும்வரை ஒரே அழுகை. சட்டைப் பொத்தான்கூடப் போட விடமாட்டான். என்ன செய்யலாம்?

மொட்டைமாடி:
8 மணி நேரம்தானே ஆகிறது! 3, 4 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஒரு நாளில் போன், டிவி திரை பார்ப்பது 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓடியாடுவது 3 மணி நேரமாவது வேண்டும். அடமெல்லாம் இல்லைங்க, தூக்கம் பத்தவில்லை.

கேள்வி கேட்டவர்:
3 மணி நேரமா? இரண்டாவது மாடி வீடு, எங்கே ஓடுவான்?

ரெண்டு பிள்ளை அப்பா:
ஒரே மூச்சில் இல்லை, நாள் முழுக்கச் சேர்த்துத்தான். படி ஏறுவது, துணி காயப்போடும்போது கிளிப் எடுத்துக் கொடுப்பது எல்லாம் கணக்கில் வரும், ஆனால் 1 மணி நேரமாவது மூச்சு வாங்க ஆடவேண்டும். படுப்பதற்கு 1 மணி நேரம் முன்பே போனை பீரோவில் வைத்துவிடுங்கள், அந்த வெளிச்சம், தூக்கம் வரவைக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரப்பதைத் தள்ளிப்போடும். எங்கள் வீட்டில் முதல் நாலு நாள் ரகளை, அப்புறம் சரியாகிவிட்டது. உங்கள் போனையும் சேர்த்து வையுங்கள், எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.